முடிச்சூர் வீட்டுல நாலு கோளாறு, நாலுக்கும் காரணம் வேற வேற

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மத்தவங்களும் படிப்பாங்கங்கறதால முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். சென்னைல தாம்பரத்த ஒட்டின முடிச்சூர் பக்கம் 2013ல கட்டின தனி வீடு, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, அட்வான்ஸ் குடுக்கப் போற நேரத்துல நாலு விஷயம் உங்கள உறுத்துது. கீழ ஹால்ல தரையிலேருந்து மூணடி உயரம் வரைக்கும் பெயிண்ட் பொரிஞ்சு வெள்ளையா மாவு மாதிரி உதிருது. மாடி பெட்ரூம்ல சீலிங்குக்குக் கொஞ்சம் கீழ ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா ஒரு வெடிப்பு. அதே ரூம்ல ஃபேன் பக்கத்துல பழுப்புக் கறை, ஆனா மேல மொட்டை மாடிதான், பாத்ரூம் எதுவும் இல்ல. கீழ சின்ன ரூம்ல பீரோவ நகத்தினா பின்னாடி கறுப்பா பூஞ்சை, அதுவும் வெயில் காலத்துலதான் வருதுன்னு இப்ப குடியிருக்கறவங்க சொல்றாங்க. பெயிண்டர் ஒண்ணு சொன்னார், வாட்டர் ப்ரூஃபிங் ஆள் ஒண்ணு சொன்னார், உங்க மாமா கூட்டிட்டு வந்த மேஸ்திரி மூணாவதா ஒண்ணு சொன்னார், இப்ப யார நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் இருபது வருஷத்துக்கு மேல சிவில் வேலைல இருக்கேன், கடைசி எட்டு வருஷமா கட்டி முடிச்ச வீட்டுக்குள்ள போய் என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்றதுதான் முழுநேர வேலை. அந்த மூணு பேருமே உங்கள ஏமாத்தணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா மூணு பேரும் கறை எங்க இருக்குன்னு பாத்துட்டு, தன் கைல இருக்கற மருந்த சொல்லிட்டுப் போயிருக்காங்க. யாராவது ஒருத்தர், இது எந்த மாசம் வருது, மழை பெஞ்சு எத்தன நாள் கழிச்சு வருது, காலைல அதிகமா சாயங்காலம் அதிகமான்னு கேட்டாங்களா? நீங்க எழுதினதுல அப்படி எதுவும் இல்ல. என் அனுபவத்துல புரியாத கோளாறுல பாதிக்கு மேல அந்த ஒரு கேள்வியிலயே உடைஞ்சிடும்.

இத நான் கத்துக்கிட்டது நங்கநல்லூர்ல ஒரு வீட்டுல. வயசான தம்பதி, மாடி ரூம் சுவர்ல ஆள் உயரத்துக்கு ஈரம். அவங்க எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே மொட்டை மாடில போட்டிருந்த தட்டோடு முழுக்க பேத்து எடுத்து புதுசா வெதரிங் கோர்ஸ், அதாவது வெயிலுக்கும் மழைக்கும் மொட்டை மாடில போடற மேல்தளம் போட்டு பெரிய செலவு பண்ணிட்டாங்க, அடுத்த வருஷம் அதே இடத்துல அதே ஈரம். நானும் போய் மொட்டை மாடியத்தான் முதல்ல பாத்தேன், கைப்பிடிச் சுவர் ஓரத்துல ஒரு விரிசல் இருந்தது, இதான்னு சொல்லி அத அடைக்கச் சொன்னேன், அதுவும் தப்பு. ரெண்டாவது தடவ போனப்ப அந்த அம்மாகிட்ட உக்காந்து பேசினேன். அவங்க சொன்னாங்க, "பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம் தம்பி, ஒரு வாரத்துல திரும்ப பூத்துடுச்சு." எனக்கு அங்கதான் தட்டுச்சு. நம்ம ஊர்ல பெரிய மழை ஐப்பசி கார்த்திகைல. மழையால வர்ற ஈரம்னா அப்ப உச்சத்துல இருந்து தை மாசம் காயணும். இது ஐப்பசில சும்மா இருந்துட்டு மார்கழில ஆரம்பிச்சு மாசில நின்னுடுது. மார்கழில அந்த வீட்டுல புதுசா என்ன நடக்குது? கீசர் ஓடுது. ஐயா குளிர் விட்டதும் கீசருக்குத் தண்ணி போற வால்வ மூடிடுவாராம், திரும்ப மார்கழிலதான் திறப்பாராம். சுடுதண்ணி லைன மட்டும் தனியா அடைச்சு கைப்பம்ப்ல பிரஷர் ஏத்தினோம், கேஜ்ல முள்ளு நிக்காம எறங்கிட்டே இருந்தது. சுவர ஒரு ஜாண் அகலத்துக்குத்தான் உடைச்சோம். காலண்டர் மாட்ட அடிச்ச ஆணி பைப்ப ஓரமா தொட்டிருந்தது. ஒரு முழம் பைப்பு, ரெண்டு கப்ளிங், அரை நாள் வேலை. அந்த அம்மா முகத்தப் பாக்கவே கஷ்டமா இருந்தது, முந்தின வருஷம் யாராவது மாசத்தக் கேட்டிருந்தா மொட்டை மாடிய உடைச்சிருக்கவே வேணாம். அதுக்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் டார்ச்ச எடுக்கறதுக்கு முன்னாடி மாசக் கணக்கத்தான் கேக்கறேன்.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம்.

பீரோ பின்னாடி பூஞ்சைலேருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரையும் குழப்பறது அதுதான். வெயில் காலத்துல, ஒரு பொட்டு மழை இல்லாதப்ப, சுவர்ல ஈரம். பெயிண்டர் சொன்ன மாதிரி உள்ள ஏதோ பைப் லீக்குன்னுதான் தோணும். நீங்க அனுப்பின பிளான்ல அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் பெட்ரூம், அங்க ஏசி. நாலரை இஞ்ச் சுவர். ராத்திரி முழுக்க 18ல ஓட்டறாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சென்னைல மே மாசம் கடல் காத்து உள்ள வந்ததும் காத்துல தண்ணி நிறைய இருக்கும். 32 டிகிரி சூடு, ஈரப்பதம் 75 சதவீதம்னு வச்சுக்குங்க, அந்தக் காத்து 27 டிகிரிக்கும் கீழ குளிர்ந்திருக்கற எதுமேல பட்டாலும் தண்ணியா படிஞ்சிடும். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த சொம்பு வேர்க்கற அதே கதைதான். ஏசி ரூம் சுவர் அந்தப் பக்கம் ஜில்லுன்னு இருக்கு, இந்தப் பக்கம் ஏசி இல்லாத ரூம். திறந்த சுவர்ல ஃபேன் காத்து பட்டு கொஞ்சம் சூடாகிடும், அதனால வெளில ஒண்ணும் தெரியாது. பீரோவ சுவரோட ஒட்டி வச்சிருக்கற இடத்துல காத்தே ஓடாது, அங்க சுவர் இன்னும் ரெண்டு மூணு டிகிரி குளிர்ந்துடும், ஈரம் படியும், அதுல பூஞ்சை பிடிக்கும். அதனாலதான் கறை பீரோ ஷேப்லயே இருக்கு. நீங்க போட்டோல காட்டினீங்களே, ரெண்டு பக்கமும் வெட்டின மாதிரி நிக்குதுன்னு, பைப் லீக்குக்கு பீரோவோட அளவு தெரியாதில்லயா.

ஆனா நான் சொல்றேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க, சோதிச்சுப் பாருங்க, பத்து ரூபா கூட செலவில்ல. சமையலுக்கு வாங்கற அலுமினியம் ஃபாயில் ஒரு அடிக்கு ஒரு அடி வெட்டி, அந்தச் சுவர்ல காஞ்ச இடமா பாத்து நாலு பக்கமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டுங்க, பீரோவ திரும்ப அதே இடத்துல வச்சு ரெண்டு ராத்திரி ஏசி ஓட்டச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க. ஃபாயிலுக்கு மேல, அதாவது நம்ம பக்கம் ஈரம் இருந்தா காத்துலேருந்து வருது. ஃபாயில உரிச்சா உள்பக்கம் ஈரமா இருந்தா சுவருக்குள்ளேருந்து வருது, அப்ப பைப்பத் தேடலாம். காத்துலேருந்துன்னா வைத்தியம் ரொம்ப சுலபம், பீரோவ நாலு இஞ்ச் முன்னாடி தள்ளி வைங்க, ஏசிய 25, 26ல வைங்க, இருக்கற பூஞ்சைய மாஸ்க் போட்டு ஈரத்துணியால தொடச்சு எடுத்துட்டு சுவர நல்லா காயவிட்டு பெயிண்ட் அடிங்க. இதுக்காக வீட்டு விலைல பேரம் பேசக்கூட வேணாம்னு நான் சொல்வேன்.

ஃபேன் பக்கத்துக் கறை வேற ஜாதி. சீலிங்ல கறை தெரிஞ்சா அதுக்கு நேர் மேலதான் ஓட்டைன்னு எல்லாரும் நினைக்கறாங்க, வாட்டர் ப்ரூஃபிங் ஆளும் அப்படித்தான் கறைக்கு மேல மார்க் பண்ணிட்டுப் போயிருக்கார். கான்கிரீட்டுக்குள்ள தண்ணிக்கு ரெடிமேடா ஒரு ரோடு இருக்கு, அது எலக்ட்ரிக்கல் பைப்பு. ஸ்லாப் போடறப்பவே கம்பிக்கு நடுவுல பிவிசி பைப் போட்டு ஃபேன் பாக்ஸுக்கு இழுத்திருப்பாங்க. மொட்டை மாடில லைட் பாயிண்ட், டேங்க் மோட்டார் சென்சார் வயர், டிஷ் கேபிள், நாளைக்கு மேல ஒரு மாடி எடுத்தா உதவும்னு விட்டு வச்ச பைப் முனை, இதுல எது வழியா வேணா தண்ணி உள்ள போகும், போனா அந்த பைப்லயே ஓடி, தாழ்வான இடம் எதுவோ அங்க எறங்கும். அனேகமா ஃபேன் பாக்ஸ்லதான் எறங்கும். பாத்திருக்கேன், ஓட்டை இருபதடி தள்ளி படிக்கட்டு ரூம் சுவர்ல, சொட்டு ஹால் ஃபேன்ல.

இதுக்கும் நேரத்தத்தான் கேக்கணும். மழை பெய்ய ஆரம்பிச்சு ஒரு மணி ரெண்டு மணி நேரத்துலயே கறை நனைஞ்சு, மழை விட்டதும் சீக்கிரம் காஞ்சா பைப் வழி இல்லனா நேரடி ஓட்டை. மழை விட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு மெதுவா வந்து மாசக் கணக்குல நின்னா அது வெதரிங் கோர்ஸ். நம்ம பக்கம் பழைய முறைல மொட்டை மாடில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு இஞ்ச் கனத்துக்குப் போட்டு மேல தட்டோடு பதிப்பாங்க. சூட்டுக்கு அருமையான விஷயம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா தட்டோடு இடுக்கு விட்டுப்போச்சுன்னா அந்த செங்கல் ஜல்லி ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியக் குடிச்சு வச்சுக்கும். மழை நின்னப்புறமும் கொஞ்சம் கொஞ்சமா கீழ விட்டுக்கிட்டே இருக்கும். ஜனங்க வெயில்ல ஒழுகுதேன்னு குழம்பிப் போய் இல்லாத பைப்பத் தேடுவாங்க.

பாக்கறதுக்கு வழி: எலக்ட்ரீஷியன கூட்டிட்டுப் போய் மெயின ஆஃப் பண்ணிட்டு (இத கண்டிப்பா பண்ணணும், தண்ணி எறங்கின ஃபேன் பாயிண்ட்டு, விளையாட்டு இல்ல) ஃபேன் கப்ப எறக்கி பாக்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹூக்குல துரு, வயர்ல தண்ணி ஓடின சுவடு, பைப் வாய்ல வெள்ளையா சுண்ணாம்பு வடிஞ்ச தடம் இருந்தா வழி அதான். பாக்ஸ் சுத்தமா காஞ்சிருந்து கறை மட்டும் ப்ளாஸ்டர்ல இருந்தா மொட்டை மாடில தண்ணி கட்டிப் பாக்கணும். அப்படிக் கட்டறப்ப ஒரேயடியா முழு மாடிக்கும் கட்டிடாதீங்க, அப்படிக் கட்டி ஒழுகினா ஒழுகுதுன்னு மட்டும்தான் தெரியும், எங்கேருந்துன்னு தெரியாது. தாழ்வான இடத்துலேருந்து ஆரம்பிங்க. முதல் நாள் மழைத்தண்ணி பைப் வாய்கிட்ட மட்டும் களிமண்ணால வரப்பு கட்டி தண்ணி விடுங்க, அடுத்து கைப்பிடிச் சுவர் சேர்ற ஓரம், அப்புறம்தான் நடுத்தளம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள், ரெண்டு நாள் விடணும். பொறுமை வேணும், விக்கறவர் சம்மதமும் வேணும், ஆனா இது தெரியாம யாரும் உங்களுக்கு எஸ்டிமேட் போட முடியாது.

இப்ப ஹால் சுவர். உங்க நாலுல என்ன உண்மையிலேயே யோசிக்க வச்சது இதுதான், காரணம் அந்த ஊர் பேரு.

செங்கல் சுவர் மண்ணுலேருந்து ஈரத்த உறிஞ்சி மேல ஏத்தும், விளக்குத் திரி எண்ணெய இழுக்கற மாதிரி. சாதாரணமா மூணடி மூணரை அடிக்கு மேல ஏறாது, அதுக்குள்ள காத்துல ஆவியாகிடும். தண்ணி ஆவியாகும், அதுல கரைஞ்சிருந்த உப்பு ஆவியாகாது, சுவர்லயே தங்கிடும். நீங்க பாக்கற வெள்ளை மாவு அதான். அந்த உப்பு ப்ளாஸ்டருக்கும் பெயிண்டுக்கும் நடுவுல படிகமாகறப்ப தள்ளுற தள்ளுல பெயிண்ட் பொரியுது. இத தடுக்கத்தான் கட்டறப்ப அஸ்திவாரத்துக்கு மேல சுவர் ஆரம்பிக்கற பிளிந்த் மட்டத்துல டிபிசின்னு ஒரு தடுப்புப் பூச்சு போடுவாங்க. அத போடாம விட்டிருக்கலாம், இல்ல போட்டும் பிரயோஜனம் இல்லாம போயிருக்கலாம். நம்ம ஊர்ல ரெண்டாவதுதான் அதிகம் பாக்கறேன், ரோடு மேல ரோடு போட்டு தெரு மட்டம் ஏறிக்கிட்டே போகுது, வீட்டுக்காரங்களும் வாசல்ல மண்ணக் கொட்டி சிமெண்ட் போட்டு உசத்திக்கறாங்க, கடைசில வெளி மட்டம் டிபிசிக்கு மேல போயிடுது. அப்ப பக்கவாட்டுலயே ஈரம் உள்ள வரும். நீங்க போய் வெளில நின்னு பாருங்க, ஹால் தரை மட்டத்துக்கும் வெளித் தரைக்கும் எத்தன படி இருக்குன்னு. ஒரு படி கூட இல்லன்னா பாதிக் காரணம் அங்கயே இருக்கு.

ஆனா முடிச்சூர்னா இன்னொன்னும் யோசிக்கணும். 2015 மழைல அடையாறு பெருகி அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணி நின்னுதுன்னு சென்னைல இருந்த எல்லாருக்கும் தெரியும். வீடு 2013ல கட்டினது. வெள்ளத்துல நாலஞ்சு நாள் ஊறின சுவர்ல உப்பு உள்ள போயிருக்கும், தண்ணி வடிஞ்சு எத்தன வருஷம் ஆனாலும் உப்பு வெளில போகாது. இதுல இன்னொரு விஷயம், சில உப்பு காத்துல இருக்கற ஈரத்த தானே இழுத்துக்கும். எங்கயும் லீக்கே இல்லாம, மழைக்காலம் வந்தாலே சுவர் தானா நமுத்துப் போகும், திறந்து வச்ச கல்லுப்பு நமுத்துப் போறதில்லயா, அதே மாதிரி.

மண்ணுலேருந்து ஏறுற ஈரம்னா விளிம்பு அலை அலையா இருக்கும், வெளிச்சுவர்ல அதிகமா உள்சுவர்ல குறைவா இருக்கும். வெள்ளம் நின்ன தடம்னா எல்லாச் சுவர்லயும், நடுவுல இருக்கற பார்டிஷன் சுவர்ல கூட, ஒரே மட்டத்துல லெவல் பாத்த மாதிரி நிக்கும். செங்கல்லயே இல்ல மணல்லயே உப்பு இருந்ததுன்னா மூணடி கணக்கெல்லாம் பாக்காது, ஜன்னல் கதவுக்கு மேல இருக்கற லிண்டல் உயரத்துல கூட திட்டுத்திட்டா பூக்கும். பக்கத்து பாத்ரூம் கசிவுன்னா பாத்ரூம ஒட்டின சுவர்ல மட்டும், குழாய் பக்கம் அதிகமா, வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கும். உங்க போட்டோல ஹால்ல ரெண்டு சுவர்தான் தெரியுது, கிச்சன் பக்கமும் படிக்கட்டுக்கு அடியும் போட்டோ இல்ல, அங்க போய் மட்டத்தப் பாருங்க. வெள்ளம் வந்துச்சான்னு விக்கறவர் சொல்லலன்னாலும் வீடு சொல்லும். தாழ்வா இருக்கற அஞ்சு ஆம்ப் ப்ளக் பாக்ஸ, திரும்ப மெயின ஆஃப் பண்ணிட்டு, ஒண்ணு கழட்டிப் பாருங்க, உள்ள நைசான வண்டல் மண்ணு இருக்கும், அத யாரும் கழுவி எடுக்கறதில்ல. மரக்கதவு நிலைக்கு அடில பாருங்க, கிச்சன் ஷெல்ஃபுக்கு அடில கைய விட்டுத் தடவிப் பாருங்க. தெருவுல பழைய மளிகைக் கடை, இஸ்திரி வண்டி இருந்தா அவர்கிட்ட, "அண்ணே 2015ல இங்க எவ்வளவு தண்ணி நின்னுச்சு"ன்னு மரியாதையா கேளுங்க, கையால காட்டுவார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்பவும் கேளுங்க. அந்த ஒரு பதில் நான் எழுதற இவ்வளவையும் விட உங்களுக்கு முக்கியம், ஏன்னா சுவர சரி பண்ணலாம், தெருவோட தாழ்வ சரி பண்ண முடியாது.

இன்னொன்னு, ஈரம் பாக்கற மீட்டர் வச்சு வாட்டர் ப்ரூஃபிங் ஆள் சிவப்பு காட்டுதுன்னு சொன்னதா எழுதியிருந்தீங்க. அந்த மீட்டர்ல பெரும்பாலானது சுவர்ல கரண்ட் எவ்வளவு கடத்துதுன்னு பாத்துத்தான் ஈரம்னு சொல்லுது. உப்பு இருந்தா ஈரம் கம்மியா இருந்தாலும் சிவப்புதான் காட்டும். தெர்மல் கேமராவும் அப்படித்தான், அது சூட்டு வித்தியாசத்தக் காட்டும், தண்ணியக் காட்டாது. ரெண்டும் நானும் வச்சிருக்கேன், எங்க தேடணும்னு சொல்ல நல்ல கருவி, ஆனா அத வச்சு மட்டும் தீர்ப்பு சொல்லக்கூடாது.

ஹால் சுவர்ல ரெண்டு தடவ வாட்டர் ப்ரூஃப் புட்டி வச்சும் திரும்ப வந்துச்சுன்னு சொன்னீங்க. வரத்தான் செய்யும், இன்னும் உயரமாவும் வரும். மூணடில ஆவியாகி வெளில போய்க்கிட்டிருந்த ஈரத்த புட்டிய வச்சு அடைச்சா அது நாலடி ஏறி அங்க வழி தேடும். பெயிண்ட் கடைல கேட்டா நீங்க அதத்தான் வாங்கிட்டு வருவீங்க, அதனால அழுத்திச் சொல்றேன், சுவர மூச்சு விட விடணும். சரியான வேலைன்னா உப்புக் கோட்டுக்கு மேல ஒரு அடி வரைக்கும் ப்ளாஸ்டர செங்கல் தெரிய கொத்தி எடுக்கணும், உப்ப தண்ணி போடாம காஞ்ச ப்ரஷ்ஷால தேய்ச்சு கூட்டணும், தண்ணி ஊத்திக் கழுவினா அது கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். வெளி மட்டத்த எறக்கணும், முடியலன்னா சுவரோரம் ஜல்லி போட்டு வடிகால் எடுக்கணும். டிபிசி மட்டத்துல வரிசையா ஓட்டை போட்டு, தண்ணி ஏற விடாத சிலேன் கிரீம்ங்கற மருந்த ஏத்தற முறை இருக்கு, தெரிஞ்ச ஆள் பண்ணா நல்லா வேலை செய்யும். அப்புறம் மாசக் கணக்குல காயவிட்டு, கடைசிலதான் ப்ளாஸ்டர். இதுக்கு எஸ்டிமேட் வாங்கி, விலைல கழிக்கச் சொல்லுங்க.

மாடி வெடிப்பு பத்தி நீங்கதான் ரொம்ப பயந்திருக்கீங்க, வீடு எறங்குதுன்னு மேஸ்திரி சொன்னாராம். அஸ்திவாரம் எறங்கினா வெடிப்பு கீழ் வீட்டுல இல்லாம மேல சீலிங்குக்குக் கீழ மட்டும் வர்றது கஷ்டம், அதுவும் படுக்கையா நேர்கோட்டுல. எறக்கம்னா ஜன்னல் மூலைலேருந்து, கதவு மூலைலேருந்து சாய்வா படிக்கட்டு மாதிரி செங்கல் இடுக்குல போகும், ஒரு முனை அகலமா ஒரு முனை மெலிசா இருக்கும், கதவு இடிக்க ஆரம்பிக்கும். கோவில்பட்டி மாதிரி கரிசல் மண்ணு ஊர்ல இது மாசத்தோட வரும், கோடைல மண்ணு சுருங்கினா வாய் திறக்கும், மழைல மண்ணு உப்பினா மூடும், அங்கயும் மாசம்தான் சாட்சி.

உங்களோடது வெயில். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு சுமாரா மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு நீளும். கம்மின்னு தோணும், ஆனா 30 அடி ஸ்லாப் விடியக்காலைலேருந்து மத்தியானத்துக்குள்ள 20 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். செங்கல் அதுல பாதிதான் நீளும், அதுவும் நிழல்ல இருக்கற உள்பக்கம் அவ்வளவு கூட சூடாகாது. மேல ஸ்லாப் நீண்டு சுருங்கி தினமும் இழுக்குது, கீழ சுவர் அசைய மாட்டேங்குது, ரெண்டும் சேர்ற கோட்டுல விட்டுக்குது. அதனாலதான் மேல் மாடில மட்டும் வரும், வெயில் படற மேற்குப் பக்கம் அதிகமா தெரியும். சோதிக்கணும்னா வெடிப்புக்குக் குறுக்க பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க, காலைல ஆறு மணிக்கு ஒரு தடவ மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவ அளந்து பாருங்க, ஒரே நாள்ல வித்தியாசம் தெரிஞ்சா வெயில்தான். இத சிமெண்ட் வச்சு அடைச்சா அடுத்த சித்திரைல பக்கத்துலயே புதுசா ஒண்ணு வரும், அதனால நேரா ஒரு காடி வெட்டி வளையற சீலண்ட் வச்சு விட்டுடுங்க, மொட்டை மாடில வெள்ளை கூலிங் டைல்ஸோ வெள்ளை கோட்டிங்கோ போட்டு ஸ்லாப் சூட்டக் குறைங்க. காரணம் சூடுதானே, அதக் குறைச்சாத்தான் நிக்கும்.

நீங்க கேக்கல, ஆனா நான் பயப்படற வெடிப்பு எதுன்னு சொல்லிடறேன். சீலிங் அடில கம்பி போற வழியிலயே அஞ்சு ஆறு இஞ்ச் இடைவெளில வரிசையா மெல்லிசு கோடு, அதுல பழுப்பு நிறம், தட்டினா டொக்கு டொக்குன்னு வெத்துச் சத்தம். இல்ல தூண்ல மூலைய ஒட்டி மேலேருந்து கீழ நீளமா ஒரு வெடிப்பு. அது கம்பி துருப்பிடிச்சு உப்புறது, துரு இரும்ப விட ரெண்டு மடங்குலேருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் கேக்கும், கான்கிரீட்ட உள்ளேருந்து பிளக்கும். உப்புத் தண்ணி போர்வெல்ல கட்டின வீடுகள்ல இது சீக்கிரமே வருது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு உபயோகிக்கற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லுது, போர் தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு வீடு கட்டறவங்க எத்தன பேர்னு நான் சொல்ல வேணாம். உங்க போட்டோ எதுலயும் இது தெரியல, இருந்தாலும் ஒரு நீள மூங்கில் குச்சி எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு ரூம் சீலிங்கையும் ஒரு சுத்து தட்டிப் பாருங்க, முக்கியமா பாத்ரூம் சீலிங், படிக்கட்டு அடி, போர்ட்டிகோ. எங்கயாவது சத்தம் மாறினா நிறுத்திட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர கூப்பிடுங்க, அங்க ஃபாயில் பென்சில் வைத்தியமெல்லாம் பத்தாது.

அப்புறம் ஒண்ணு கவனிச்சேன், போட்டோல மாடி ரூம்ல மேற்குச் சுவர் மட்டும் புது பெயிண்டு, மத்த மூணும் பழசு. வீடு காட்டறதுக்காக ஒரு சுவருக்கு மட்டும் யாரும் அடிக்கறதில்ல. ஏன் அதுக்கு மட்டும்னு நேரடியா கேளுங்க, சண்டையா கேக்க வேணாம், அவருக்கும் காரணம் தெரியாம இருக்கலாம்.

இந்த வாரம் நீங்க பண்ண வேண்டியது, சனிக்கிழமை சாயங்காலம் ஃபாயில் ஒட்டிடுங்க, வீட்டுல எல்லாக் குழாயையும் மூடி ராத்திரி ஓவர்ஹெட் டேங்க்ல தண்ணி மட்டத்துக்கு சாக்பீஸ்ல ஒரு கோடு போடச் சொல்லுங்க, விடியற வரைக்கும் யாரும் தண்ணி எடுக்காம பாத்துக்கச் சொல்லுங்க. காலைல கோடு எறங்கியிருந்தா எங்கயோ பைப்ல கசிவு இருக்கு, அப்ப நான் ஹால் சுவர் பத்தி சொன்னதையே திரும்ப யோசிக்கணும். ஞாயித்துக்கிழமை எலக்ட்ரீஷியனோட போய் ஃபேன் பாக்ஸையும் ஒரு ப்ளக் பாக்ஸையும் திறங்க. அந்த ப்ளக் பாக்ஸ் உள்பக்கத்தையும், கிச்சன் சுவர் மட்டத்தையும் வெளிச்சத்துல போட்டோ எடுத்துப் போடுங்க. அதப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்கலாமா வேணாமான்னு சொல்றேன், அது வரைக்கும் குடுக்காதீங்க.